வலது கைக்குப் போட்ட இடது கையுறை

கோல்ஃப் ஆடுகிறவர்கள் ஒரு கையில்தான் உறை போடுவார்கள். வலது கைப் பழக்கக்காரர்களுக்கு அது இடது கை. மட்டையின் பிடியில் மேலே இருப்பது அந்தக் கைதான், வியர்த்தால் முதலில் வழுக்குவதும் அதுதான். விக்கெட் கீப்பருக்கு இரண்டு கை, கோல் கீப்பருக்கு இரண்டு கை, இவர்களுக்கு மட்டும் ஒன்று. இதையெல்லாம் நான் ஆட்டம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் கொழுந்தனின் கையைக் காப்பாற்றப் போய்த் தெரிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரரின் ஒரே தம்பி அவன். இப்போது அறுபத்திரண்டு வயது. கோல்ஃப் கிளப்பில் இருபத்தெட்டு வருஷம் பை தூக்கினான். அந்த வேலைக்கு அங்கே கேடி என்று பெயர். வேலை கிடைத்த அன்று என் வீட்டுக்காரர் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்: "எங்க வீட்டுலயும் ஒருத்தன் கேடி ஆயிட்டான்." கிளப்பில் அவனை லெஃப்டு என்று கூப்பிடுவார்கள். இடது கைக்காரன் என்று அர்த்தம். அவன் இடது கைக்காரன் இல்லை. அந்தப் பெயருக்குக் காரணம் நான்.

அதற்கு முன்னால் அவன் ஒரு பேக்கரியில் வேலை செய்தான். அடுப்பிலிருந்து தட்டுகளை வெளியே இழுக்கிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். வலது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம் பெரிய கொப்புளம். "எப்படிடா?" என்றேன். "எது அண்ணி?" என்றான். கொப்புளம் போட்ட கையின் சொந்தக்காரனுக்குக் கொப்புளம் தெரியவில்லை.

நான் படித்தது ஒன்பது மாத நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி. அதன் பிறகு பதினொரு வருஷம் தோல் நோய் மருத்துவமனையில் புண் கட்டும் அறையில் வேலை பார்த்தேன். அதனால் சோற்றை ஆறவிட்டுவிட்டு அவனைக் கண்ணை மூடச் சொன்னேன். பஞ்சை நூலாகத் திரித்துக் கையில் தொட்டுக்கொண்டே வந்தேன். "இங்க?" "தெரியுது." "இங்க?" பதில் இல்லை. முழங்கைக்குப் பின்னால் நரம்பைத் தடவினேன், கயிறு மாதிரி தடித்திருந்தது. முன்னங்கையில் வெளிறிய படை ஒன்று. மறுநாள் காலை டாக்டர் முன்னால் உட்காரவைத்தேன். தொழுநோய்.

பயப்பட ஒன்றுமில்லை. ஒரு வருஷம் மாத்திரை. சாப்பிட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அது யாருக்கும் ஒட்டாத நோயாகிவிடும். ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டான், குணமானான். ஆனால் கெட்டுப்போன நரம்பு திரும்பி வராது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் கொஞ்சம் மடங்கியே நின்றுவிட்டன. பாதி உள்ளங்கையில் சூடு, குளிர், வலி எதுவும் தெரியாது. அதற்குள் பேக்கரியில் யாரோ மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டார்கள். மறுநாளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் வந்து எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

நான்தான் சொன்னேன்: "இனிமே எங்க வேலைக்குப் போனாலும் இதைப் பத்திப் பேசாத. குணமான நோய்க்கு யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்ல."

அது பாதி சரி, பாதி தப்பு. தப்புப் பாதிக்கு வருகிறேன்.

கிளப்பில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனான். சேர்ந்த மூன்றாம் நாளே கையில் புண். பை பதினைந்து கிலோ. அதன் பட்டையைப் பிடித்து, மட்டையை உருவிக் கொடுத்து, வாங்கித் துடைத்து, மறுபடி செருகி, நாளுக்கு நாலைந்து மணி நேரம் நடை. நமக்கு உறுத்தினால் தானாகக் கையை மாற்றிக்கொள்வோம். அவனுக்கு உறுத்துகிறது என்று சொல்ல ஆள் இல்லை. உணர்ச்சி இல்லாத கையில் புண் ஆறாவிட்டால் எலும்புக்குப் போகும். எலும்புக்குப் போனால் விரல் போகும்.

டாக்டர் கண்டித்தார். "பாரம் தூக்காத வேலையாப் பாருப்பா."

"அப்படி ஒண்ணு இருந்தா சொல்லுங்க டாக்டர், காலையில முதல் ஆளா வந்து நிக்கிறேன்" என்றான் இவன்.

வேலையும் வேண்டும், விரலும் வேண்டும். எங்களுக்கு இருந்த சிக்கல் அவ்வளவுதான்.

உறை போடலாம் என்று முதலில் தோன்றியது எனக்கு. ஆனால் ஒற்றைக் கையில் உறை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாலே நாலு பேர் என்ன, ஏன் என்று கேட்பார்கள். பிறகுதான் உறைத்தது: யாரும் கேட்காத ஒரே இடத்தில்தான் இவன் வேலை பார்க்கிறான். அங்கே பணக்காரர்கள் எல்லாரும் ஒற்றைக் கையுறையோடுதான் திரிகிறார்கள். உறையின் உள்ளங்கைப் பக்கம் தேய்ந்ததும் குப்பைக் கூடையில் வீசிவிடுவார்கள். மெல்லிய ஆட்டுத்தோல், புதுத் துணி மாதிரி மிருதுவாக இருக்கும். இவன் ஏழு உறைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் சமையலறை மேடையில் பரப்பினான்.

"பாருங்க அண்ணி. ஏழுல ஒண்ணாவது நமக்கு ஆகுமான்னு."

ஏழும் இடது. கெட்ட கை வலது.

நான் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தேன். மருத்துவமனையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம் உண்டு: மரத்துப்போன காலுக்குக் காலுறையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போடவேண்டும். தையல் மேடு தோலில் படக்கூடாது. படுகிற இடமெல்லாம் புண் வரும். பழக்க தோஷத்தில் ஓர் உறையைப் பிடித்துத் திருப்பினேன். விரல் விரலாக வெளியே இழுத்தேன். முடித்துப் பார்த்தால் என் கையில் இருப்பது வலது உறை.

"அட!" என்றான் இவன். திருப்பியதால் மணிக்கட்டில் இருந்த ஒட்டுப்பட்டையின் முள் பக்கம் தோலைப் பார்த்து வந்துவிட்டது. அதை வெட்டி எறிந்துவிட்டு வெளியே ஒரு நாடா தைத்தேன். மடங்கிய விரல்கள் நுழைய, பக்கத் தையலைப் பிரித்து இன்னொரு உறையிலிருந்து ஒரு கீற்றுத் தோல் எடுத்து ஒட்டுப் போட்டேன். கட்டை விரலில் ஊசி ஏறியது. எனக்கு வலித்தது. எனக்காவது வலிக்கிறதே என்று நினைத்துக்கொண்டு தைத்தேன்.

அதன்பின் தினமும் சாயங்காலம் வேலை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வருவான். பேசினில் தண்ணீர், இருபது நிமிஷம் கையை ஊறவைக்கவேண்டும். காய்த்த இடத்தைச் சொரசொரப்புக் கல்லால் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய். உறையை ஒரு பாட்டில் மேல் மாட்டி ஜன்னல் நிழலில் காயவைப்பேன். வெயிலில் போட்டால் தகரம் மாதிரி விறைத்துவிடும். மூன்றே வாரத்தில் புண் மூடியது.

வலது கையில் உறை போட்டவன் இடது கை ஆட்டக்காரன் என்பது அவர்கள் கணக்கு. அப்படித்தான் லெஃப்டு ஆனான். ஏன் உறையைத் திருப்பிப் போட்டிருக்கிறாய் என்று கூட்டாளிகள் கேட்டதற்கு, வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான்: "வெளிப்பக்கம் வழுக்கும். உள்பக்கந்தான் சும்மா கப்புனு பிடிக்கும்." ஒரு மாதத்தில் இரண்டு கேடிகள் திருப்பிப் போட்டார்கள். ஆறு மாதத்தில் ஒரு மெம்பரும் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஆட்டம் முன்னேறிவிட்டதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். நாங்கள் இதைப் பேசிச் சிரித்தோம். ஏழு வருஷம் அப்படியே ஓடியது.

அந்தக் கிளப்பில் வருஷத்துக்கு ஒரு நாள் வேலைக்காரர்கள் ஆடலாம். கேடிகள், புல் வெட்டுகிறவர்கள், சமையல்காரர்கள், துண்டு துவைக்கிற பெண்கள் எல்லாரும் ஆடுவார்கள். மெம்பர்கள் அன்று அவர்களுக்குப் பை தூக்குவார்கள். குடும்பத்தோடு போகலாம். இவன் ஒவ்வொரு வருஷமும் அன்றைக்குப் பார்த்து வயிற்றுவலி என்று படுத்துவிடுவான். ஏழாவது வருஷம் தப்பிக்க முடியவில்லை. கிளப்பில் ஒரே ஒரு இடது கை மெம்பர், ஓய்வுபெற்ற ஒரு மேடம். தனக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது என்று அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். தன் இடது கை மட்டைகளைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"லெஃப்டு, இன்னைக்கு நான்தான் உன் கேடி. எங்க ஜாதி மானத்தக் காப்பாத்து."

நான் குடும்பக்காரர்களோடு கயிற்றுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தேன். வலது கைக்காரன், வாழ்நாளில் ஆடாதவன், இடது பக்கம் நின்று வீசினான். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. புல் பறந்தது.

"லெஃப்டு, பந்து அந்தப் பக்கம். நீ தரைக்கு ஷேவிங் பண்ணிட்டு இருக்க!" என்று கத்தினான் ஒரு கேடி.

"மைதானமே கோணலா இருக்குடா" என்றான் இவன்.

"ஆடத் தெரியாதவன் வேற என்ன சொல்லுவான்?"

எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். ஓர் ஆட்டத்துக்குப் பதினெட்டுக் குழி, ஒவ்வொன்றிலும் பந்தை உள்ளே தள்ளிவிட்டு அடுத்ததற்கு நடப்பார்கள். இரண்டாவது குழியின் தொடக்கத்தில், பந்தை ஏற்றிவைக்கும் சின்ன மரக்குச்சி அவன் அடியில் பந்துக்குப் பதில் உடைந்தது. தரையில் குச்சி கிடந்தால் பொறுக்கிவைப்பது கேடிகளின் பழக்கம். அவனும் உடைந்த துண்டைப் பொறுக்கிக் கையுறையின் மணிக்கட்டு வாயில் செருகிக்கொண்டான். அது அவனுக்கு ஆயிரம் தரம் செய்த வேலை. நானும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டியிருப்பார்கள். அதை கிரீன் என்பார்கள். அங்கே வந்ததும் ஆடுகிறவர்கள் உறையைக் கழற்றிப் பின்பாக்கெட்டில் செருகிக்கொள்வார்கள். பந்தை மெல்ல உருட்டுவதற்கு வெறும் விரலின் உணர்ச்சி வேண்டுமாம். மூன்று கிரீனிலும் இவன் கழற்றவில்லை. மேடம் இரண்டு தரம் சொல்லிப்பார்த்தார். "எனக்கு இப்படித்தான் பழக்கம் மேடம்" என்றான்.

நாலாவது கிரீனில் கேடி மாஸ்டர் நின்றிருந்தார். யாருக்கு எந்தப் பை என்று தினமும் பிரித்துக்கொடுக்கிறவர் அவர்தான். குட்டையான ஆள். குரல் மட்டும் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். மட்டையை வாங்கப்போனவர் அப்படியே நின்றார்.

"என்னய்யா, பிடி எல்லாம் சிவப்பா இருக்கு?"

"சாயம் போகுது போல மாஸ்டர்."

"சாயமா? கையக் காட்டு."

கையுறையின் ஓரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நாடாவை அவிழ்த்து மாஸ்டரே உறையை இழுத்தார். குச்சித் துண்டு சறுக்கி உள்ளே இறங்கி, சுண்டுவிரலுக்குக் கீழே சதையில் ஏறியிருந்தது. அந்தக் கையால் இரண்டு குழிக்கு மேல் மட்டையை இறுக்கிப் பிடித்து வீசியிருக்கிறான்.

"எப்பக் குத்திச்சு?"

"தெரியலைங்க."

"இவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கு. வலிக்கலையா?"

அவன் என்னைப் பார்த்தான். அவன் பார்த்ததால் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான்தானே. கயிற்றைத் தாண்டிப் போனேன்.

"அது தொழுநோய் வந்து குணமான கைங்க" என்றேன். "எட்டு வருஷம் முன்னாடி வந்தது. மருந்து முடிச்சாச்சு. யாருக்கும் ஒட்டாது. அந்தப் பக்கம் வலி தெரியாது, அவ்வளவுதான். சொல்ல வேணாம்னு சொன்னது நான். எனக்கு இப்ப சுத்தமான துணி வேணும், தண்ணி வேணும்."

வட்டம் பெரிதானது. யாரும் ஓடவில்லை, ஆளுக்கு இரண்டடி பின்னால் வைத்தார்கள். உறையைத் திருப்பிப் போட்டுப் பெருமைப்பட்டவர்களில் ஒருவன், போட்டிருந்த தன் உறையை அவசரமாகக் கழற்றி மணல் குழியில் எறிந்தான். அன்றைக்கு அவனை அறைந்தால் என்ன என்று இருந்தது. இப்போது இல்லை. அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குச் சம்பளம் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

முன்னால் வந்தது ஒரே ஆள். துண்டு அறையில் வேலை செய்யும் பெண். இடுப்பில் இருந்த வெள்ளைத் துண்டை உருவினாள். இவன் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். "கைய மேல வைங்க, ரத்தம் நிக்கும்" என்றாள். சொல்லாமலே சரியாகச் செய்தாள். நான் குச்சியைத் தொடவில்லை. பிடுங்கக்கூடாது. சுற்றிக் கட்டினேன்.

மாஸ்டர் குந்தி உட்கார்ந்து என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிச்சயமா ஒட்டாதா?"

"ஒட்டாது. ஒட்டும்னா எனக்குத்தான் முதல்ல ஒட்டியிருக்கணும்."

"புண்ணு ஆறினா பை தூக்கலாமா?"

"உறை போட்டாத் தூக்கலாம். ஆனா அடிக்கடி கழட்டி உள்ள பாக்கணும். இங்க எல்லார் முன்னாடியும் கழட்ட முடியாம, ஏழு வருஷமா வீட்டுக்கு வந்துதான் பாக்கிறான். அது என் தப்பு."

"தப்புதாம்மா" என்றார் மாஸ்டர். பரவாயில்லை என்று சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. "எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை பாக்கணும்?"

"கால் மணி, இருபது நிமிஷம்."

அவர் எழுந்தார். "ஒரு குழிக்குக் கால் மணி ஆகும். லெஃப்டு, காதக் குடு. கிரீனுக்கு வந்தா ஆடுறவன் கிளவுஸக் கழட்டுறான்ல? நீயும் கழட்டு. கழட்டி உள்ளங்கையப் பாரு. பாத்துட்டுப் போடு. ஒரு நாளைக்குப் பதினெட்டு தடவை. ஒரு கிரீன்ல நீ உறையோட நிக்கிறத நான் பாத்தேன், அன்னைக்கு உனக்குப் பை கிடையாது."

நான் மருத்துவமனையில் எத்தனை பேருக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன், அடிக்கடி பாருங்கள், அடிக்கடி பாருங்கள் என்று! எப்போது, எங்கே நின்று என்று சொன்னதில்லை. அந்தக் குட்டை மனிதர் நின்ற இடத்தில் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுக்கவைத்தேன். எலும்பில் படவில்லை. புண் ஆற ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் மாஸ்டர் அவனை மட்டை அறையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். மட்டைகளுக்கு எண் சீட்டுக் கட்டும் வேலை, ஒற்றைக் கையால் செய்யலாம். மறுபடி பை தூக்க வந்தபோது இரண்டு மெம்பர்கள் வேறு ஆள் வேண்டும் என்றார்கள். "வேற ஆள் இல்லைங்க. பையை நீங்களே தூக்கலாம். ரொம்ப இலேசு, பதினஞ்சு கிலோதான்" என்றாராம் மாஸ்டர். ஒருவர் முனகிக்கொண்டே இவனோடு போனார். மற்றவர் மூன்று மாதம் தானே தூக்கினார். பிறகு அவரும் வந்துவிட்டார்.

இடது கை மேடம் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. பொய் சொல்லிவிட்டாயே என்று ஒருநாள் திட்டினார், அவ்வளவுதான். மறுவாரம் தன் புது வலது கை உறைகள் ஆறை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டோம். தையல் உள்ளே இருக்கிறதே என்று திருப்பிப் பார்த்தால் ஆறும் இடது கைக்கு ஆகிவிட்டன. அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. நல்ல கைக்கு மாட்டிக்கொண்டு தோட்ட வேலை செய்தான். கெட்ட கைக்குக் கடைசிவரை குப்பைக்கூடை உறைதான்.

துண்டு அறைப் பெண் அடுத்த வருஷம் என் ஓரகத்தி ஆனாள். பெண் கேட்க நானே போனேன். "கையப் பத்தித் தெரியும்ல?" என்று கேட்டேன். "கையத்தான் முதல்ல பாத்தேன். அதுக்கப்புறந்தான் மூஞ்சியப் பாத்தேன். மூஞ்சிக்குத்தான் யோசிக்கணும்" என்றாள்.

மாஸ்டருக்கு நன்றி சொல்ல ஒருமுறை அவர் கொட்டகைக்குப் போனேன். காலையில் பை பிரிக்கிற நேரம், ஒரே சத்தம். "நீங்க மட்டும் இல்லேன்னா" என்று ஆரம்பித்தேன். "எனக்கு ஆள் பத்தலம்மா. அதான் வச்சுக்கிட்டேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பை வருது" என்றார். தள்ளி நின்றேன். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அன்று சொல்ல வந்ததை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்: நீங்கள் இல்லையென்றால் அவனுக்கு அந்த இரண்டு விரல்கள் இருந்திருக்காது. நானும் சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டே அவற்றைத் தொலைத்திருப்பேன்.

இரண்டு வருஷம் முன்னால் அவன் ஓய்வு பெற்றான். கிரீன் இல்லை, பை இல்லை, ஆனால் பழக்கம் போகவில்லை. ஒரு வேலை முடிந்தால் நிற்பான், உறையைக் கழற்றுவான், உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பான். போன வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஒரு வாளியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வாசலிலேயே நின்று கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தாச்சா? நல்லா இருக்கா?" என்றாள் ஓரகத்தி உள்ளேயிருந்து.

"நல்லா இருக்கு."

"அப்ப வாங்க, இன்னும் மூணு வாளி இருக்கு."